‘புதுச்சேரி சுறா’ எங்கே போனது? கடலில் சுறாக்கள் குறைவது ஏன், காப்பாற்ற முடியுமா? முழு விளக்கம்

நம்ம புதுச்சேரி பெயரிலேயே ஒரு சுறா இருக்கிறது, தெரியுமா? உலகம் முழுக்க விஞ்ஞானிகள் அதை ‘பாண்டிச்சேரி ஷார்க்’ என்றுதான் அழைக்கிறார்கள். சுமார் ஒரு மீட்டர் நீளம் மட்டுமே வளரும் சிறிய சுறா. 1839-ல் முல்லர், ஹென்லே என்ற இரண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள்.

ஆனால், இந்தச் சுறா கடைசியாக உறுதியாகப் பதிவானது 1979-ல். அதற்குப் பிறகு இங்கே பார்த்தோம், அங்கே பார்த்தோம் என்று சில தகவல்கள் வந்தாலும் எதுவும் முழுமையாக உறுதியாகவில்லை. உலக அருங்காட்சியகங்களில் இருக்கும் மாதிரிகளே 20-க்கும் குறைவு. சர்வதேச இயற்கை பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் இதை ‘மிக அருகிவிட்ட இனம்’ பட்டியலில் வைத்திருக்கிறது. அதாவது, அழிவுக்கு ஒரு படி முன்னால்.

இது ஒரே ஒரு சுறாவின் கதை கிடையாது. உலகப் பெருங்கடல்கள் முழுவதும் சுறாக்கள் வேகமாகக் குறைந்து வருகின்றன. எவ்வளவு குறைந்திருக்கிறது? யார் காரணம்? சட்டம் என்ன சொல்கிறது? மீனவர்களின் வாழ்வாதாரம் என்ன ஆகும்? நாம் சுறா புட்டு சாப்பிடலாமா, கூடாதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எவ்வளவு குறைந்திருக்கிறது?

2021 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் ஒரு முக்கியமான ஆய்வு வெளியானது. 1970-ல் இருந்து கணக்கிட்டால், ஆழ்கடலில் திரியும் சுறாக்கள் மற்றும் திருக்கைகளின் எண்ணிக்கை 71 சதவீதம் குறைந்துவிட்டது என்றது அந்த ஆய்வு. 1970-ல் 100 இருந்த இடத்தில் இப்போது 29. இதே காலத்தில் இவற்றின் மீதான மீன்பிடி அழுத்தம் 18 மடங்கு கூடியிருக்கிறது. ஆய்வில் எடுத்துக்கொண்ட 31 இனங்களில் 24 இனங்கள் அழியும் ஆபத்தில் இருக்கின்றன.

அதே 2021-ல் இன்னொரு பெரிய மதிப்பீடும் வந்தது. உலகில் உள்ள சுறா, திருக்கை வகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அழியும் அபாயத்தில் இருப்பதாக அது சொன்னது.

பவளப்பாறைப் பகுதிகளும் தப்பவில்லை. 58 நாடுகளில் 371 பவளப்பாறைகளில் நீருக்கடியில் கேமரா வைத்துப் பார்த்தார்கள். 2020-ல் முடிவு வெளியானது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு இடத்தில் ஒரு சுறா கூட கேமராவில் சிக்கவில்லை.

சரி, ஆண்டுக்கு எத்தனை சுறாக்கள் சாகின்றன? 2024 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வின்படி, 2012-ல் குறைந்தது 7.6 கோடி சுறாக்கள் மீன்பிடியில் செத்தன. 2017-ல் அது 8 கோடியாக உயர்ந்தது. அதில் சுமார் 2.5 கோடி, ஏற்கெனவே அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களைச் சேர்ந்தவை.

40 கோடி ஆண்டு தாக்குப்பிடித்த உயிர், இப்போ ஏன் தடுமாறுது?

சுறாக்களின் மூதாதைகள் 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே கடலில் இருந்தன. டைனோசர்களுக்கு முன்னாடியே. டைனோசர்களை அழித்த பேரழிவையும் தாண்டி வந்த கூட்டம் இது. இன்று 500-க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் இருக்கின்றன. சுறாவுக்கு எலும்பு கிடையாது. நம்ம காது மடலில் இருப்பது போன்ற குருத்தெலும்புதான் அதன் எலும்புக்கூடு. திருக்கை, உளுவை, வேளா மீன் எல்லாம் இதே குடும்பத்தின் உறவுக்காரர்கள்தான்.

இவ்வளவு உறுதியான உயிரினம் 50 ஆண்டுகளில் சரிந்ததற்குக் காரணம், அது குட்டி போடும் முறை.

மத்தி மீனை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்து ஓராண்டு ஆவதற்குள்ளாகவே முட்டையிடத் தயாராகிவிடும். ஒரு மத்தி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரு சீசனில் அதிகமாகப் பிடித்துவிட்டாலும், கடல் ஒத்துழைத்தால் சில ஆண்டுகளில் மீண்டு வந்துவிடும்.

சுறா அப்படி இல்லை. பல இனங்கள் குட்டி போட்டுத்தான் இனப்பெருக்கம் செய்கின்றன. பால் சுறா ஒரு ஈட்டில் பெரும்பாலும் 2 முதல் 5 குட்டிகள்தான் போடும். பெரிய வெள்ளைச் சுறாவின் பெண் இனம் முதல் குட்டி போடும் வயதை எட்டவே சுமார் 30 ஆண்டுகள் ஆகலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ‘டாக்ஃபிஷ்’ என்ற சிறு சுறா வகையின் கர்ப்ப காலம் ஏறக்குறைய 2 ஆண்டுகள். யானையை விட அதிகம்! வட அட்லாண்டிக்கில் வாழும் கிரீன்லாந்து சுறா, பருவம் எய்தவே சுமார் 150 ஆண்டுகள் ஆகும் என்பது 2016-ல் வெளியான ஆய்வின் மதிப்பீடு.

ஆக, வாழ்க்கை முறையை வைத்துப் பார்த்தால் சுறா மீனை விட, யானை, திமிங்கலம் போன்ற விலங்குகளுக்குத்தான் நெருக்கம். மெதுவாக வளரும், தாமதமாகப் பருவம் எய்தும், குறைவாகக் குட்டி போடும். ஆனால் நாம் அதை மத்தி, நெத்திலி பிடிப்பது போல அள்ளுகிறோம். வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 5 ரூபாய் வட்டி வருகிறது, நாம் 10 ரூபாய் எடுக்கிறோம் என்றால் என்ன ஆகும்? அசல் கரையும். சுறா விஷயத்தில் நடப்பது இதுதான்.

தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே என்று கேட்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை. ஓராண்டில் பருவம் எய்தும் மீன்களுக்கு இந்த இடைவெளி பெரிய உதவி. பருவம் எய்தப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் சுறாவுக்கு, 61 நாள் ஓய்வு மட்டும் போதாது.

சுறாவை எதற்காகப் பிடிக்கிறார்கள்?

நான்கு காரணங்கள்.

1. துடுப்பு: சீனா, ஹாங்காங் உள்ளிட்ட இடங்களில் விருந்துகளில் பரிமாறப்படும் சுறா துடுப்பு சூப் கௌரவத்தின் அடையாளமாகப் பார்க்கப்படுகிறது. துடுப்புக்குத் தனியாகப் பெரிய சுவை கிடையாது, சூப்பின் ருசியே சேர்க்கும் மசாலா, இறைச்சிச் சாற்றில்தான் இருக்கிறது. ஆனால் விலை உச்சத்தில். இதனால்தான் சில இடங்களில் துடுப்பை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, உயிரோடு இருக்கும் உடலைக் கடலில் வீசும் கொடூரம் நடந்தது. துடுப்பு இல்லாத சுறா நீந்த முடியாமல் அடியில் மூழ்கிச் சாகும்.

2. இறைச்சி: நம்ம ஊரில் புட்டு, குழம்பு, கருவாடு. கேரளா, கோவாவிலும் சாப்பிடுகிறார்கள். ஐரோப்பா, தென் அமெரிக்காவிலும் பெரிய சந்தை இருக்கிறது. பல நாடுகளில் வேறு பெயரில் விற்கப்படுவதால், சாப்பிடுபவருக்கே அது சுறா என்று தெரியாது.

3. ஈரல் எண்ணெய்: ஆழ்கடல் சுறாக்களின் ஈரலில் ‘ஸ்குவாலின்’ என்ற பொருள் நிறைய இருக்கிறது. அழகுசாதனப் பொருட்கள், சில தடுப்பூசிகள் வரை இது பயன்படுகிறது. ஆழ்கடல் சுறாக்கள் மற்ற சுறாக்களை விடவும் மெதுவாக வளர்பவை. அதனால் அங்கே சரிவு இன்னும் வேகம்.

4. தெரியாமல் சிக்குவது: இதுதான் பலரும் கவனிக்காத காரணம். இந்தியாவில் கரைக்கு வரும் சுறாக்களில் பெரும்பகுதி, சுறாவைக் குறிவைத்துப் பிடித்தவை இல்லை. இறால், கணவாய், சூரைக்கு விரித்த வலையில் கூடவே சிக்கியவை. இழுவை மடி கடலடியை அலசிக்கொண்டு வரும்போது சுறாக் குட்டிகளும் சேர்ந்தே வருகின்றன. வலையைத் தூக்கும்போது பல செத்திருக்கும். திருப்பி விட்டாலும் பயனில்லை.

சுறா பிடிப்பில் இந்தோனேசியா உலகில் முதலிடத்தில் இருக்கிறது. இந்தியாவும் முன்னணி நாடுகளில் ஒன்று.

தூத்தூர்: சுறா பிடிப்பில் பெயர் பெற்ற ஊர்கள்

இந்தியாவில் சுறா பற்றிப் பேசினால் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தவிர்க்கவே முடியாது. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை. அடுத்தடுத்து இருக்கும் இந்த எட்டு கடற்கரை கிராமங்களின் மீனவர்கள், நாட்டிலேயே தலைசிறந்த ஆழ்கடல் மீனவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். ஒரே நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான கொக்கிகளைக் கட்டி இறக்கும் தூண்டில்தான் இவர்களின் ஆயுதம். வாரக்கணக்கில் கடலிலேயே தங்குவார்கள். கொச்சி துறைமுகத்தைத் தளமாக வைத்து, லட்சத்தீவைத் தாண்டி அரபிக்கடல் முழுக்கப் போய் வருவார்கள்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது அதிகம் பலிகொடுத்த ஊர்களில் இவையும் அடங்கும். காரணம், புயல் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் அவர்கள் இருந்தார்கள்.

சுறா ஒரு காலத்தில் இவர்களின் முதன்மை வருமானம். கரைக்குப் பக்கத்தில் சுறா குறையக் குறைய, படகு இன்னும் தூரம் போக வேண்டியதாயிற்று. தூரம் கூடினால் டீசல் கூடும், ஐஸ் கூடும், கடன் கூடும், ஆபத்தும் கூடும். சில படகுகள் எல்லை தாண்டி, பிரிட்டன் கட்டுப்பாட்டில் இருந்த டியேகோ கார்சியா கடல் பகுதி வரை போய் பிடிபட்ட சம்பவங்களும் உண்டு. இப்போது பலர் சூரை போன்ற மீன்களின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.

சுறா அழிந்தால் முதலில் அடி வாங்குவது சூப் குடிக்கும் பணக்காரர் இல்லை. இந்தப் படகில் போகும் தொழிலாளிதான். அதனால்தான் ‘சுறாவா, மீனவரா’ என்று கேட்பதே தப்பான கேள்வி. சுறா இருந்தால்தான் மீனவருக்கும் நாளை தொழில் இருக்கும். அதே நேரம், காப்பாற்றும் செலவு முழுவதையும் மீனவர் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயம் இல்லை.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

2001 மே: திமிங்கலச் சுறா, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு. இந்தச் சட்டத்தில் மீன் ஒன்று இடம்பிடித்தது இதுவே முதல் முறை.

2001 ஜூலை: எல்லா வகை சுறா, திருக்கைகளையும் பிடிக்க மத்திய அரசு தடை போட்டது. மீனவர்கள் கொதித்தார்கள். ஒரே இரவில் தொழில் போனால் எப்படி வாழ்வது என்று போராட்டம் வெடித்தது.

2001 டிசம்பர்: தடை தளர்த்தப்பட்டது. 10 இனங்களுக்கு மட்டும் பாதுகாப்பு தொடர்ந்தது. திமிங்கலச் சுறா, கங்கைச் சுறா, புதுச்சேரி சுறா, வேளா மீன் வகைகள், ராட்சத உளுவை ஆகியவை அதில் அடக்கம்.

2013: சுறாவைக் கரைக்குக் கொண்டு வந்தால் துடுப்பு உடலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவிட்டது. துடுப்பை அறுத்துவிட்டு உடலை வீசுவதைத் தடுக்கத்தான் இது.

2015: சுறா துடுப்பு ஏற்றுமதிக்கு முழுத் தடை.

2022: வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. பாதுகாக்கப்பட்ட சுறா, திருக்கை இனங்களின் பட்டியல் விரிந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் இது அமலில் இருக்கிறது. முதல் அட்டவணையில் உள்ள உயிரினத்தைப் பிடித்தாலோ கொன்றாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

சர்வதேச அளவில் ‘சைட்ஸ்’ என்ற வணிக ஒப்பந்தம் இருக்கிறது. அழியும் அபாயத்தில் உள்ள உயிர்களை நாடு விட்டு நாடு விற்பதை இது கட்டுப்படுத்துகிறது. 2013-ல் மூன்று வகை கொம்பன் சுறாக்கள், அதாவது சுத்தியல் தலைச் சுறாக்கள் இதில் வந்தன. 2019-ல் மேக்கோ சுறாக்கள். 2022-ல் பனாமாவில் நடந்த மாநாட்டில் ‘ரெக்வியம்’ குடும்பத்துச் சுறாக்கள் மொத்தமாகச் சேர்க்கப்பட்டன. துடுப்பு வணிகத்தில் அதிகம் புழங்குவது இந்தக் குடும்பம்தான் என்பதால் அது பெரிய திருப்பமாகப் பார்க்கப்பட்டது.

சட்டம் இருக்கு... அப்புறம் ஏன் குறையுது?

இங்கதான் சிக்கல். மேலே சொன்ன 2024 ‘சயின்ஸ்’ ஆய்வு ஒரு அதிர்ச்சியான விஷயத்தைச் சொன்னது. துடுப்பு அறுப்பதைத் தடுக்கும் சட்டங்கள் உலகெங்கும் பத்து மடங்கு பெருகின, ஆனால் சாகும் சுறாக்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஏன்?

துடுப்போடு உடலையும் கொண்டு வரணும் என்றால், கொண்டு வந்த உடலை விற்கணும். அப்படி இறைச்சிக்கான சந்தை வளர்ந்தது. துடுப்பு அறுக்கும் கொடுமை குறைந்திருக்கலாம், சுறா சாவது குறையவில்லை.

இரண்டாவது சிக்கல், அடையாளம் காண்பது. ரெக்வியம் குடும்பத்துச் சுறாக்கள் பல, பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். நடுக்கடலில், நள்ளிரவில், ஆடும் படகில் வலையைப் பிரிக்கும் தொழிலாளி இது தடை செய்யப்பட்ட இனமா, இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? துறைமுகத்தில் நிற்கும் அதிகாரிக்கே கஷ்டம். தலையும் துடுப்பும் போய் துண்டு துண்டான பிறகு மரபணு சோதனை செய்தால்தான் தெரியும்.

மூன்றாவது, பொறுப்பு யாருக்கு? வனவிலங்கு சட்டத்தை நடைமுறைப்படுத்துவது வனத்துறை. மீன்பிடியைக் கவனிப்பது மீன்வளத்துறை. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநில அரசின் மீன்பிடிச் சட்டம். அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை மத்திய அரசு. ஆனால் சுறாவுக்கு இந்தக் கோடெல்லாம் தெரியாது.

நான்காவது, தெரியாமல் சிக்குவதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை. இறால் பிடிக்கப் போனவர் வலையில் கொம்பன் குட்டி செத்துக் கிடந்தால், சட்டம் அதை உயிர்ப்பிக்காது. பயந்து போய் கடலிலேயே வீசிவிட்டால், எத்தனை சாகிறது என்ற கணக்கும் நமக்குக் கிடைக்காது.

சுறா இல்லாட்டி நமக்கு என்ன?

கடலின் உணவுச் சங்கிலியில் பெரிய சுறாக்கள் உச்சியில் இருப்பவை. காட்டில் புலி செய்யும் வேலையைக் கடலில் இவை செய்கின்றன.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ‘ஷார்க் பே’ என்ற வளைகுடா இருக்கிறது. அங்கே புலிச் சுறாக்கள் நடமாடும் இடங்களில் கடல் பசுக்களும் ஆமைகளும் ஒரே இடத்தில் நின்று மேய்வதில்லை. பயத்தில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இதனால் கடற்புல் வெளிகள் மொட்டையாகாமல் தழைக்கின்றன. கடற்புல் என்றால் சும்மா இல்லை. மீன் குஞ்சுகளின் நர்சரி அது. காற்றில் இருந்து வரும் கார்பனை மண்ணில் பூட்டி வைக்கும் பெட்டகமும் அதுதான். சுறா நேரடியாக ஒரு கடல் பசுவைக்கூட பிடிக்காமல், வெறும் பயத்தாலேயே ஒரு புல்வெளியைக் காக்கிறது.

ஆனால் ஒன்று. சுறா குறைந்தால் எல்லாக் கடலிலும் ஒரே மாதிரி விளைவு வரும் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் சுறா குறைந்ததால் திருக்கை பெருகி, சிப்பித் தொழில் சரிந்தது என்று 2007-ல் ஒரு ஆய்வு சொன்னது. 2016-ல் வேறு ஆய்வாளர்கள் அந்த முடிவில் ஓட்டை இருப்பதாக மறுத்தார்கள். உச்சியில் இருப்பதை எடுத்தால் கீழே ஏதோ ஒன்று மாறும், எது எப்படி மாறும் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும்.

‘சுறா மனுஷனைக் கொல்லுமே?’

சினிமா பார்த்து வந்த பயம் இது. மனிதர்கள் சீண்டாமல் சுறா கடித்ததாக உலகம் முழுக்கப் பதிவாகும் சம்பவங்கள் ஆண்டுக்குச் சராசரியாக 60 முதல் 70 வரை. அதில் உயிரிழப்பு ஒற்றை இலக்கத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். நாம் கொல்வதோ ஆண்டுக்குச் சுமார் 8 கோடி சுறாக்கள். யார் யாரைப் பார்த்து பயப்படணும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். உலகின் மிகப் பெரிய மீனான திமிங்கலச் சுறா, 12 மீட்டருக்கும் மேல் வளர்ந்தாலும் மிதவை உயிரிகளையும் சின்ன மீன்களையும்தான் வடிகட்டிச் சாப்பிடுகிறது.

பிரசவித்த தாய்க்குப் பால் சுறா கொடுக்கலாமா?

தமிழ்நாட்டு வீடுகளில் இது முக்கியமான கேள்வி. குழந்தை பெற்ற பெண்ணுக்குப் பால் சுறா கொடுத்தால் தாய்ப்பால் ஊறும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. இதற்கு உறுதியான மருத்துவ ஆதாரம் இல்லை. மீனில் இருக்கும் புரதம் நல்லதுதான், அந்தப் புரதம் மற்ற மீன்களிலும் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது பாதரசம். உணவுச் சங்கிலியில் மேலே போகப் போக, உடலில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். பெரிய சுறாவில் அதிகம், சிறிய சுறாவில் குறைவு. இது சிசுவின் மூளை, நரம்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு குழந்தைகள் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. உண்மையான பால் சுறா சிறிய இனம்தான். ஆனால் தோல் உரித்து, துண்டு போட்டு விற்கும்போது அது பால் சுறாவா, வேறு பெரிய சுறாவின் குட்டியா என்று வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாது. எனவே மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது. மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களில் பாதரசமும் குறைவு, விலையும் குறைவு.

காப்பாற்ற முடியுமா? குஜராத் சொல்லும் பாடம்

முடியும். அதற்கு இந்தியாவிலேயே உதாரணம் இருக்கிறது.

1990-களில் குஜராத்தின் வேராவல் பகுதியில் நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் கொல்லப்பட்டன. ஈரல் எண்ணெயை மரப் படகுகளில் தண்ணீர் புகாமல் பூசப் பயன்படுத்தினார்கள். இறைச்சி வெளிநாட்டுக்குப் போனது. மைக் பாண்டே என்ற இயக்குநர் இதை ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ என்ற ஆவணப்படமாக எடுத்தார். உலகம் திரும்பிப் பார்த்தது. 2001-ல் தடை வந்தது.

தடை மட்டும் போதவில்லை. 2004-ல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, குஜராத் வனத்துறை, டாடா கெமிக்கல்ஸ் ஆகியவை சேர்ந்து ஒரு பிரசாரத்தைத் தொடங்கின. ஆன்மிகப் பேச்சாளர் மொராரி பாபு அதன் முகமாக வந்தார். திமிங்கலச் சுறாவுக்கு ‘வ்ஹாலி’ என்று பெயர் வைத்தார்கள். ‘அன்பானவள்’ என்று பொருள். தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வரும் மகளைப் போல அவள் நம் கரைக்கு வருகிறாள், மகளைக் கொல்வோமா என்று கேட்டார்கள். அது மீனவர்களின் மனதைத் தொட்டது.

அன்போடு நிற்காமல் காசுக்கும் வழி செய்தார்கள். திமிங்கலச் சுறா சிக்கினால், வலையை அறுத்து விட வேண்டும். அறுத்த வலைக்கு அரசு இழப்பீடு தரும். அதிகாரி வந்து பார்க்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை, மீனவர்களே படம் எடுத்து அனுப்பலாம் என்ற ஏற்பாடும் வந்தது. விளைவு? கொன்ற அதே கைகள் நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்களை வலை அறுத்துக் கடலில் விட்டிருக்கின்றன.

வெளிநாட்டிலும் நல்ல செய்திகள் உண்டு. பசிபிக் தீவு நாடான பலாவ் 2009-ல் தன் கடல் முழுவதையும் சுறா சரணாலயமாக அறிவித்தது. அங்கே ஒரு பவளப்பாறைச் சுறா, தன் வாழ்நாளில் சுற்றுலா மூலம் 19 லட்சம் டாலர் வருமானம் தரும் என்று ஒரு ஆய்வு கணக்கிட்டது. செத்த சுறாவை விற்றால் கிடைப்பது சுமார் 108 டாலர்தான். நம் பக்கத்து மாலத்தீவு 2010-ல் சுறா பிடிக்கத் தடை விதித்தது. இலங்கை 2012-ல் திரெஷர் சுறாக்களைப் பிடிக்கத் தடை போட்டது.

அமெரிக்கா 1993-ல் அட்லாண்டிக் சுறாக்களுக்குத் தனி மேலாண்மைத் திட்டம் கொண்டு வந்தது. எவ்வளவு பிடிக்கலாம் என்று அளவு வைத்து, அதைக் கண்காணித்தது. சரிவு நின்று, பல இனங்கள் மெல்ல மீண்டு வருவதாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. முப்பது ஆண்டு பொறுமைக்குக் கிடைத்த பலன் அது.

நம்பிக்கை தரும் இன்னொரு தகவல். பல ஆண்டுகளாகக் கண்ணில் படாமல் இருந்த கங்கைச் சுறா ஒன்று, 2016-ல் மும்பை சசூன் டாக் மீன் சந்தையில் கிடைத்தது. செத்துத்தான் கிடந்தது. ஆனால் இந்த இனம் இன்னும் நம் கடலில் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

அடுத்து என்ன செய்யணும்?

* குட்டிகள் வளரும் இடங்களைக் கண்டுபிடித்து, அங்கே மட்டும் குறிப்பிட்ட மாதங்களில் வலை விரிப்பதை நிறுத்துவது. முழுக் கடலையும் மூடுவதை விட இது மீனவருக்குச் சுமை குறைவு.

* குறைந்தபட்சப் பிடி அளவு வைப்பது. இத்தனை சென்டிமீட்டருக்குக் குறைவான சுறாவை விற்கக் கூடாது என்ற விதி, குட்டிகளுக்கு ஒருமுறையாவது இனப்பெருக்கம் செய்ய வாய்ப்பு தரும்.

* தமிழில், மீனவர்கள் அழைக்கும் பெயர்களோடு, படம் போட்ட அட்டைகளை எல்லாத் துறைமுகத்திலும் கொடுப்பது. கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2015-லேயே சுறாக்களுக்கான தேசியச் செயல் திட்டத்துக்கு வழிகாட்டி ஆவணம் வெளியிட்டது. அது படகு வரை வந்து சேரணும்.

* குஜராத் போல, உயிரோடு விட்டவருக்கு வலை இழப்பீடு. தண்டனைக்குப் பயந்து மறைப்பவரை விட, இழப்பீடு கிடைக்கும் என்று தகவல் சொல்பவர் சுறாவுக்கு அதிகம் உதவுவார்.

* வாங்குபவராக நம் பங்கு: கொம்பன் சுறா, உளுவை, கைக்கு அடங்கும் சுறாக் குட்டிகள் ஆகியவற்றை வாங்காமல் தவிர்க்கலாம். ‘அண்ணே, இது என்ன சுறா?’ என்று கடையில் ஒரு கேள்வி கேட்கலாம். சுறா புட்டை வாரா வாரம் வைக்காமல், எப்போதாவது ஒருநாள் விருந்தாக வைத்துக்கொள்ளலாம்.

சுறா விஷயத்தில் கால அவகாசம்தான் பெரிய சவால். இன்று ஒரு விதி போட்டால் அதன் பலன் 10, 20 ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். ஆட்சி மாறும், அதிகாரி மாறுவார், சந்தை விலை மாறும். இன்று தூத்தூர் கடற்கரையில் விளையாடும் பிள்ளைகள் தொழிலுக்குப் போகும் வயதில் கடலில் சுறா இருக்குமா, இருக்காதா என்பதை அடுத்த சில ஆண்டுகளில் நாம் எடுக்கும் முடிவுகள்தான் சொல்லும்.